வாகனத் தரவு ஆராய்ச்சியில் மகளைச் சேர்க்கலாமா?

மதிப்பிற்குரிய அம்மா,

இயந்திரப் பொறியியல் முடித்த உங்கள் மகள், கைக்கு வந்த வேலையை விட்டுவிட்டு, வாகனச் சென்சார் தரவிலிருந்து பழுதை முன்கூட்டியே அறியும் ஆராய்ச்சி வழி எம்.எஸ். படிப்பில் சேர விரும்புவதாகவும், "ஊரார் வண்டியை வேவு பார்ப்பதும் ஒரு படிப்பா?" என்று அவளுடைய தாத்தா கேட்டதாகவும் எழுதியிருந்தீர்கள். சேரட்டும் என்பதே என் கருத்து. ஆனால் தாத்தாவின் கேள்வியைத் தள்ளிவிடாதீர்கள். அவர் சரியான இடத்தில்தான் கை வைத்திருக்கிறார்.

முதலில் படிப்பைப் பற்றி. எடுத்துக்காட்டாக, சக்கரமும் அச்சும் தடையின்றிச் சுழல உதவும் பேரிங்கின் வளையத்தில் சிறு கீறல் விழுந்தால், உள்ளே உருளும் குண்டுகள் அதைக் கடக்கும் ஒவ்வொரு முறையும் ஓர் அதிர்ச்சி எழுகிறது. சுழலும் வேகமும் பேரிங்கின் அளவுகளும் தெரிந்தால், அந்த அதிர்ச்சி வினாடிக்கு எத்தனை முறை எழும் என்று கணக்கிட்டுவிடலாம் என்பதால், அதிர்வுப் பதிவைப் பகுத்துப் பார்ப்பவரால் ஓட்டுநரின் காதுக்குச் சத்தம் எட்டும் முன்பே பழுது உள்வளையத்திலா வெளிவளையத்திலா என்று பெரும்பாலும் சொல்லிவிட முடிகிறது. இதற்கு நிரல் எழுதத் தெரிந்தால் மட்டும் போதாது, இயந்திரம் தெரிந்திருக்க வேண்டும். கணினி அறிவியல் மாணவர்களோடு போட்டியிட முடியுமா என்று நீங்கள் அஞ்சும் இடத்தில் உங்கள் மகளின் கைதான் ஓங்கியிருக்கிறது.

இனி தாத்தாவின் கேள்வி. வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்ட ஆய்வொன்றில், ஒரே காரை ஓட்டிய 15 பேரை, பிரேக் முதலான சென்சார்களின் பதிவைக் கொண்டே வேறுபடுத்திக் காட்டினார்கள். பதிவெண்ணை நீக்கிவிட்டால் ஆள் தெரியாது என்னும் சமாதானம் ஆகவே செல்லாது. இரவுதோறும் வண்டி வேளச்சேரியில் எந்த வாசலில் நிற்கிறது என்ற தகவலே ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஆராய்ச்சிக்கு நிபந்தனையோடு விலக்கு அளித்தாலும், நாளை அவள் வேலைக்குச் சேரும் நிறுவனம் தன் வணிகப் பயன்பாட்டுக்கு அந்த விலக்கை எதிர்பார்க்க முடியாது.

எனவே சேருமுன் வழிகாட்டிப் பேராசிரியரிடம் அவள் கேட்க வேண்டியது, யாருடைய வண்டிகளிலிருந்து தரவு வருகிறது, அவர்கள் எதற்கென்று அறிந்து ஒப்புதல் தந்தார்களா, வண்டியை விட்டு வெளியே போவது எது என்பதுதான். பேரிங்கின் பழுதை அறிய வண்டி நிற்கும் தெரு தேவையில்லை. அதிர்வை வண்டியிலேயே கணக்கிட்டு முடிவை மட்டும் வெளியே அனுப்பும் முறையைக் கற்றுத்தரும் ஆய்வகம் கிடைத்தால் தயங்கவே வேண்டாம். தெளிவான பதில் வராத இடத்தை, பெயர் எவ்வளவு பெரிதானாலும், நான் பரிந்துரைக்க மாட்டேன்.

வேலையைப் பற்றிய கவலை எனக்கு அதிகமில்லை. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் வாகன ஆலைகள் ஒருபுறமிருக்க, காற்றாலைக்கும் மெட்ரோ ரயிலுக்கும் இதே அதிர்வுக் கணக்குதான். மாத உதவித்தொகை உண்டா, எத்தனை ஆண்டுகளுக்கு என்பதை எழுத்தில் பெறுங்கள். சேர்க்கை உறுதியாகும் வரை, கையிலிருக்கும் வேலையை மறுத்துக் கடிதம் எழுத வேண்டாம். பணியில் சேரும் தேதியைத் தள்ளிவைக்க இயலுமா என்று மட்டும் நிறுவனத்திடம் கேட்கச் சொல்லுங்கள்.