பிணம் பேசக்கூடாது

அன்புள்ள சார்,

உங்கள் கட்டுரைகளை ஆறு வருடமாக வாசித்து வருகிறேன். எனக்கு 38 வயது, பெங்களூரில் மென்பொருள் வேலை. இரண்டு வருடமாகப் பாய்மரப் படகிலேயே குடியிருக்கும் தம்பதிகளின் யூடியூப் காணொளிகளைத் தினமும் பார்க்கிறேன். மலேசியாவின் லங்காவி, தாய்லாந்தின் புக்கெட் பக்கம் பழைய படகு கிடைக்கிறது. ஃபிளாட்டை விற்றுவிட்டு அந்தக் கரையோரமாகவே ஐந்து வருடம் சுற்றலாம் என்று திட்டம். ராஜேந்திர சோழன் கடாரம் கொண்ட இனம் நாம், கடலை மறந்துவிட்டோம். மனைவிக்கும் சம்மதம்தான். கடற்கொள்ளையர் பயம் உண்டா? படகில் இருந்துகொண்டு எழுத முடியுமா? எல்லாவற்றுக்கும் மேல் என் கேள்வி, இது பொறுப்பிலிருந்து தப்பித்தலா, இல்லை தேடலா?

கே.

அன்புள்ள கே.,

கடிதம் நான்கு பக்கம். வீட்டுக்கடன், பங்குச்சந்தைக் கணக்கையெல்லாம் எடுத்துவிட்டுச் சுருக்கிப் போட்டிருக்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். வேலையை விட்டுவிட்டு மலைக்குப் போகலாமா, ஆட்டுப்பண்ணை வைக்கலாமா என்று மாதம் இரண்டு கடிதமாவது வரும், பதில் போடுவதில்லை. உங்களுக்குப் போடுவதற்குக் காரணம் லங்காவி என்ற பெயர். அங்கே ஒரு படகில் ஆறு நாள் இருந்திருக்கிறேன். அந்தப் படகுக்கார அம்மாவிடமிருந்து சென்ற மாதம்தான் ஒரு மின்னஞ்சல் வந்தது. அதையே மனதுக்குள் உருட்டிக்கொண்டிருந்தபோது உங்கள் கடிதம் வந்து சேர்ந்தது.

முதலில் ராஜேந்திர சோழனை இறக்கி வைத்துவிடுவோம். 1025இல் கடாரத்தின் மேல் படையெடுத்தார், சரி. அந்தக் கடாரம் இன்றைய கெடா, லங்காவியும் கெடாவைச் சேர்ந்ததுதான், அதுவும் சரி. அதற்கும் உங்களுக்கும் என்ன சம்பந்தம்? உங்கள் பாட்டன் அந்தக் கப்பலில் பாய் கட்டினானா, இல்லை கரையில் உட்கார்ந்து வரி கட்டினானா என்று யார் கண்டது? என் பாட்டன் வரி கட்டியவன்தான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை, முதல் இரண்டு நாள் நான் எடுத்த வாந்தியே சாட்சி. பெருமை வேண்டுமென்றால் ஆயிரம் வருடம் பின்னால் போகவேண்டாம். புதுச்சேரிப் பெண் ரூபா அழகிரிசாமியும் கேரளத்துப் பெண் தில்னாவும், கடற்படை அதிகாரிகள், இரண்டே பேராகத் தாரிணி என்ற பாய்மரப் படகில் 2024 அக்டோபர் 2 அன்று கோவாவிலிருந்து கிளம்பி உலகத்தைச் சுற்றிவிட்டு 2025 மே மாதக் கடைசியில் திரும்பினார்கள். அவர்களைப் பற்றி உங்கள் நான்கு பக்கத்தில் ஒரு வரி இல்லை.

தேடல் என்ற சொல்லைக் கொஞ்ச காலம் யாரும் தொடாமல் இருந்தால் நல்லது. அதைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை. கடற்கொள்ளை? லங்காவிக்கு வடக்கே கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் தருத்தாவ் என்று ஒரு தீவு. தாய்லாந்து அரசு கைதிகளை வைத்திருந்த இடம். இரண்டாம் உலகப்போரில் அரிசி வரத்து நின்றுபோக, கைதிகளும் காவலர்களும் கூட்டு சேர்ந்து கப்பல்களைக் கொள்ளையடித்தார்கள், பிரிட்டிஷ் படை வந்து 1946இல்தான் அடங்கியது. இப்போது அது தேசியப் பூங்கா. அந்தக் கரையில் இன்றைக்குப் பயப்பட வேண்டியது மீன்வலைக்கு. இரவில் கணவாய்ப் படகுகளின் பச்சை வெளிச்சம் தூரத்திலிருந்தே தெரியும், வலை தெரியாது. ஒரு குச்சியும் கறுப்புத் துணியும் மட்டும் மிதக்கும். படகைத் தள்ளும் சுழலியில் வலை சிக்கினால் ஒருவர் கத்தியோடு தண்ணீருக்குள் இறங்க வேண்டியதுதான்.

பினாங்கில் ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தேன், ஏப்ரல் கடைசி. அங்கே படகு இயந்திரங்கள் பழுது பார்க்கும் வாசகர் ஒருவர், எனக்குத் தெரிந்த நியூசிலாந்துக்காரர்கள் லங்காவியில் படகில் இருக்கிறார்கள், உங்களைக் கூட்டிப்போகச் சொல்கிறேன் என்றார். அறுபதைத் தாண்டிய கணவனும் மனைவியும், அவர் பள்ளியில் தச்சுவேலை வாத்தியாராக இருந்தவர், அந்த அம்மா நர்ஸ். படகு 36 அடி நீளம். நீளம் என்று கேட்கும்போது பெரிதாகத்தான் இருக்கும், உள்ளே போனால் நம்மூர் ரயில் பெட்டி மாதிரி, ஒருவர் நகர்ந்தால்தான் இன்னொருவர் போகலாம். குளிக்க ஆளுக்கு இரண்டு லிட்டர் நல்ல தண்ணீர். பாத்திரத்தைக் கடல்தண்ணீரில் கழுவி நல்ல தண்ணீரில் ஒருமுறை அலசவேண்டும். சூரியத் தகடுகள் தருகிற மின்சாரத்தில் பெரும்பங்கைக் குளிர்பெட்டியே தின்றுவிடும், அதனால் மேகம் வந்தால் முகம் வாடுகிறார்கள், விவசாயிக்கு நேர் எதிர். அடியில் ஒட்டுகிற சிப்பியைச் சுரண்டவேண்டும். உப்பு தின்ற கம்பி, உப்பு தின்ற பம்பு, உப்பு தின்ற தையல். காணொளியில் ட்ரோன் மேலே எழும்பும்போது நீலக்கடலில் வெள்ளையாக ஒரு புள்ளி தெரியும் இல்லையா, அந்தப் புள்ளிக்குள்ளே ஒருவன் கழிப்பறைப் பம்பைக் கழற்றிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பான். படகின் விலையில் பத்தில் ஒரு பங்கு வருடா வருடம் பராமரிப்புக்குப் போகும் என்று படகுக்காரர்கள் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். எழுத முடியுமா என்று கேட்டீர்கள். அந்த ஆறு நாளில் அவர்கள் உட்கார்ந்து பத்துப் பக்கம் படித்ததைக்கூட நான் பார்க்கவில்லை.

ஆனால் நான் சொல்லவந்தது நான்காவது இரவு. செனாங் கடற்கரைக்கு வெளியே நங்கூரம் பாய்ச்சியிருந்தோம். ஐந்து மீட்டர் ஆழம், முப்பது மீட்டர் சங்கிலி விட்டிருந்தார்கள். மாலையில் கிழக்குக் காற்று, தீவு மறைத்துக்கொண்டது, கடல் தட்டில் ஊற்றிய பால் மாதிரி கிடந்தது. அதிகாலை மூன்று மணி இருக்கும், சுமத்ரா பக்கமிருந்து, அதாவது நேர் மேற்கிலிருந்து, ஒரு அடி. அங்கே அந்தக் காற்றுக்குப் பெயரே சுமத்ராதான். மலாக்கா நீரிணையில் தென்மேற்குப் பருவம் நெடுக, பெரும்பாலும் இரவிலோ விடியும் முன்போ, இடி மின்னலோடு வந்துவிட்டு ஒன்றிரண்டு மணி நேரத்தில் போய்விடும். வந்த நேரத்தில் மணிக்கு 70 கிலோமீட்டருக்கு மேல். மாலையில் எங்களைக் காத்த கரை இப்போது எங்களுக்குப் பின்னால், படகு அதை நோக்கி இழுபடுகிறது, நங்கூரம் பிடி விட்டுவிட்டது.

நான் எழுந்து தலையை இடித்துக்கொண்டு வெளியே வருவதற்குள் அந்த அம்மா சுக்கானில் நிற்கிறார், இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கிறது. வாத்தியார் படகின் முன்முனையில் குப்புறப் படுத்துச் சங்கிலியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். என் கையில் ஒரு டார்ச்சைத் திணித்து, அவர் கையைக் காட்டு, முகத்தைக் காட்டாதே என்றார் அந்த அம்மா. அவ்வளவுதான் பேச்சு. அதன்பிறகு நாற்பது நிமிடம் அந்தக் கைதான். கை நீண்ட பக்கம் சுக்கான் திரும்பியது, முஷ்டி மூடினால் இயந்திரம் அடங்கியது. காற்றின் இரைச்சலில் கத்தினாலும் கேட்காது, ஆனால் அவர்கள் கத்த முயலவும் இல்லை. பக்கத்துப் படகில் ஒரு மனிதர் மனைவியைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தது மின்னல் வெளிச்சத்தில் வாயசைவாகத் தெரிந்தது, அந்தப் பெண் சுக்கானைப் பிடித்தபடி அழுதுகொண்டிருந்தாள்.

காலையில் தேநீர் குடிக்கும்போது, எப்படி என்று கேட்டேன். அந்த அம்மா சொன்னார், "படகு வாங்கும்போது ஒரே ஒரு நிபந்தனை போட்டேன். இவர் உள்ளே செத்துக்கிடந்தாலும் நான் தனியாகப் படகைத் துறைக்குக் கொண்டுவர வேண்டும்." சும்மா சொன்னதில்லை. ஒவ்வொரு மாதமும் ஒன்றாம் தேதி வாத்தியார் பிணம். காலையிலிருந்து மதியம்வரை உள்ளே படுத்திருக்க வேண்டும், நங்கூரம் எடுப்பது, பாய் ஏற்றுவது, ரேடியோவில் பேசுவது, மறுபடி நங்கூரம் போடுவது எல்லாம் இந்த அம்மா. பதினைந்தாம் தேதி இந்த அம்மா பிணம், வாத்தியார் சமைத்து, மருந்துப் பெட்டியில் எது எங்கே என்று கண்டுபிடித்து, காயத்துக்குக் கட்டுப்போட்டுக் காட்ட வேண்டும். ஒரே விதி, பிணம் பேசக்கூடாது. வாத்தியார் அப்போதுதான் வாயைத் திறந்தார். முதல் ஒரு வருடம் என்னால் அது முடியவே இல்லை என்றார். இவள் கயிற்றைத் தப்பாகச் சுற்றுகிற சத்தம் கேட்கும், நாக்கைக் கடித்துக்கொண்டு கிடப்பேன், அப்புறம் தெரிந்தது, அவள் தப்பாகச் சுற்றவில்லை, வேறு மாதிரி சுற்றுகிறாள்.

இப்போது உங்கள் கடிதத்துக்கு வருகிறேன். நான்கு பக்கத்தில் உங்கள் மனைவி வருவது ஒரே இடத்தில். "மனைவிக்கும் சம்மதம்தான்." அந்த 'தான்' இருக்கிறதே, அதைப் பார்த்ததும் எனக்கு எரிச்சல் வந்தது, மறைக்க விரும்பவில்லை. அவருக்கு நீந்தத் தெரியுமா? எழுதவில்லை. வேலைக்குப் போகிறாரா? எழுதவில்லை. அந்தக் காணொளிகளை அவர் ஒன்றாவது முழுதாகப் பார்த்திருக்கிறாரா, இல்லை நீங்கள் பார்க்கும்போது பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தாரா? சோழனுக்கு ஒரு பத்தி, உங்கள் மனைவிக்கு இரண்டு சொல். நீங்கள் கெட்டவர் என்று சொல்லவில்லை. கேட்கவேண்டும் என்று தோன்றியதும், பதில் வந்ததும், அதை நீங்கள் நம்பியதும் எல்லாம் உண்மையாகவே இருக்கும். அதுதான் எனக்குக் கவலை.

என் அம்மாவுக்கும் எல்லாவற்றுக்கும் சம்மதம்தான். அப்பா அரிசி மண்டி வைத்திருந்தார். 1986இல் ஒரு மத்தியானம் கல்லாவிலேயே சாய்ந்துவிட்டார். அம்மாவை அவர் ஒருநாளும் அடித்ததில்லை, திட்டியதில்லை, பூ இல்லாமல் வீட்டுக்கு வந்ததில்லை. ஆனால் யார் எவ்வளவு பாக்கி என்பது அவருடைய சிட்டைப் புத்தகத்தில் அவருக்கு மட்டும் புரிகிற சுருக்கெழுத்தில் இருந்தது. 'மே.தெ. 40' என்றால் மேலத்தெருவில் யார், நாற்பது மூட்டையா நாற்பது ரூபாயா? பதினேழு வயதில் அந்தப் புத்தகத்தை வைத்துக்கொண்டு நான் வீடு வீடாகப் போனேன். கொடுக்க வேண்டியவர்கள் பாதிப்பேர் கணக்குத் தீர்ந்துவிட்டது என்றார்கள். வாங்க வேண்டியவர்கள் ஒருவர் விடாமல் வந்தார்கள். அம்மா ஒரு வங்கியில் மூன்று மாதம் நடையாய் நடந்தாள், கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று திருப்பித் திருப்பி அனுப்பினார்கள், காரணம் அவள் அதற்கு முன் எங்கும் கையெழுத்தே போட்டதில்லை, ஒவ்வொரு முறையும் வேறு மாதிரி வந்தது. ராத்திரி அடுக்களைத் திண்ணையில் உட்கார்ந்து என் பழைய நோட்டில் அவள் பெயரை அவளே எழுதி எழுதிப் பார்த்ததை இப்போது நினைத்தாலும் அப்பா மேல் கோபம் வருகிறது. நாற்பது வருடம் ஆகப்போகிறது, அவ்வளவு நல்ல மனிதர் மேல்.

லின் பார்டி, லாரி பார்டி என்று ஒரு தம்பதியைப் படகுலகில் எல்லோருக்கும் தெரியும். 24 அடிப் படகைத் தாங்களே கட்டி 1968இல் கலிஃபோர்னியாவில் கடலில் இறக்கி, இயந்திரமே இல்லாமல் முதலில் மெக்சிகோ கரையோரம், பிறகு உலகம் முழுக்கப் போனவர்கள். லாரி 2020இல் இறந்தார். சந்தித்தபோது லின்னுக்குப் படகோட்டத் தெரியாது. ஆகவே உங்கள் மனைவிக்குத் தெரியாதது ஒரு தடையே இல்லை. கற்றுக்கொள்ளும்போது நீங்கள் பக்கத்தில் நின்று என்ன செய்வீர்கள் என்பதுதான் என் சந்தேகம்.

அந்த மின்னஞ்சல் நான்கே வரி. வாத்தியாருக்குக் கண் மங்கிவிட்டது, இருட்டினால் எதுவும் தெரிவதில்லையாம். இன்னும் அதே படகு, அதே கரை. "இப்போதெல்லாம் தினமும் ராத்திரி அவர்தான் பிணம், ஆனால் விதியை மீறி நிறையப் பேசுகிறார், நானும் விட்டுவிடுகிறேன்."

படகு வாங்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். முதலில் ஒரு மாதம் யாருடைய படகிலாவது கூலியாளாகப் போய் இருங்கள், இரண்டு பேருமாக. அதற்கும் முன்னால் பெங்களூர் ஃபிளாட்டிலேயே ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம்வரை பிணமாக இருந்து பாருங்கள். நான் போன வாரம் இருந்து பார்த்தேன். கட்டிலில் படுத்துக்கொண்டேன், என் மனைவி என் மேசையில் உட்கார்ந்து வங்கிக் கணக்கு, காப்பீடு, பதிப்பாளரிடமிருந்து வரவேண்டிய பணம் எல்லாவற்றையும் தானே கண்டுபிடிக்க வேண்டும் என்று ஏற்பாடு. இழுப்பறையைத் திறந்தாள். அது தப்பான இழுப்பறை. பதினோராவது நிமிடம் பேசிவிட்டேன்.