அட்லாண்டா ராப்: எந்தப் பணத்தைக் கணக்கில் சேர்ப்பது?

வணக்கம் நண்பரே. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத் தலைநகர் அட்லாண்டா. அந்நகரின் ராப் இசை ஈட்டித்தந்த பணம் என்று ஜார்ஜியாவின் சினிமா வருமானத்தையும் கட்டுரையில் சேர்த்தீர்கள், உங்கள் வழிகாட்டி அதை வெட்டிவிட்டார் என்கிறீர்கள். அவர் செய்தது சரி. படப்பிடிப்புகள் அங்கே குவிய முக்கியக் காரணம், 2008-ல் 30 சதவீதம் வரை உயர்த்தப்பட்ட வரிச்சலுகை. அந்தப் பத்தியை எடுத்துவிடுங்கள்.

பதிலாக இசை நிறுவனங்களைப் பிடியுங்கள். அட்லாண்டாவில் 1989-ல் லாஃபேஸ், 2013-ல் குவாலிட்டி கன்ட்ரோல் தொடங்கப்பட்டன. பின்னதை 2023-ல் தென்கொரிய இசை நிறுவனமான ஹைப் சுமார் 30 கோடி டாலருக்கு வாங்கியது. இது விற்பனை விலை. ஆண்டு வருமானத்தோடு கூட்டினால் கணக்கே கெட்டுவிடும். உரிமையாளர்கள் கைக்குப் போன பணம் அது, நகரத்துக்கு வந்ததல்ல. இதை அவசியம் எழுதுங்கள்.

பண்பாட்டுப் பகுதிக்கு, அட்லாண்டாவின் ஆடை அவிழ்ப்பு நடன விடுதியான மேஜிக் சிட்டி கிளப் அருமையான சான்று. டிஜே புதுப் பாட்டைப் போடுவார். நடனப் பெண்கள் உற்சாகமாக ஆடினால் அது வானொலி வரை போகும், அரங்கம் அசையாவிட்டால் அங்கேயே நின்றுவிடும்.