கேள்வி – பதில்: கிட்டார் பெடலில் இரைச்சலும் அறுபடும் சத்தமும்

கேள்வி: கிட்டார் ஒலியை மாற்றும் ஐந்து பெடல்களை ஒரே 9 வோல்ட் அடாப்டரில், கிளை பிரியும் கேபிள் போட்டு ஓட்டுகிறேன். டிஸ்டார்ஷனை (ஒலியைக் கரடுமுரடாக்கும் பெடல்) அழுத்தியதும் ‘கீ...’ என்று மெல்லிய விசில், கூடவே அடித்தொண்டையில் ஒரு ஹம். டிஸ்டார்ஷன் பெடலை மாற்றிவிடலாமா?

பதில்: மாற்ற வேண்டாம். அந்தப் பெடலை மட்டும் தனியே எடுத்து, அடாப்டரைக் கழற்றிவிட்டு, புது 9 வோல்ட் பேட்டரி போட்டு, கிட்டார், பெடல், ஆம்ப் என்று மட்டும் இணைத்துக் கேளுங்கள். சத்தம் நின்றுவிட்டால் பெடல் நன்றாகத்தான் இருக்கிறது. அடுத்து, அதை அடாப்டருக்கு மாற்றி, மற்ற பெடல்களை ஒவ்வொன்றாகச் சேருங்கள். எதைச் சேர்த்ததும் விசில் கிளம்புகிறதோ அதுதான் மூலம். பெரும்பாலும் அது டிலே, ரிவெர்ப் போன்ற, எதிரொலி தரும் டிஜிட்டல் பெடலாக இருக்கும். அதன் உள்ளே ஓடும் பிராசஸர் மின்சாரத்தைச் சீராக இழுக்காது, துடித்துத் துடித்து இழுக்கும். எல்லாப் பெடலுக்கும் நெகட்டிவ் கம்பி பொதுவாக இருப்பதால் அந்தத் துடிப்பு சிக்னலில் ஏறிவிடுகிறது. டிஸ்டார்ஷன் அதைப் பல நூறு மடங்கு பெரிதாக்கித் தருகிறது, அவ்வளவுதான்.

ஹம்முக்குக் காரணம் வேறாகவும் இருக்கலாம். கிட்டாரின் வால்யூம் குமிழைப் பூஜ்யத்துக்குத் திருப்புங்கள். ஹம் அடங்கினால் அது கிட்டாரிலிருந்து வருகிறது. அதன் பிக்கப் (கம்பியின் அதிர்வைச் சிக்னலாக்கும் பகுதி) ஒற்றைச் சுருள் கொண்ட சிங்கிள் காயில் வகை என்றால், நின்ற இடத்திலேயே மெல்லத் திரும்பிப் பாருங்கள். ஒரு திசையில் குறைந்து இன்னொரு திசையில் கூடும். வால்யூமைக் குறைத்தும் ஹம் அப்படியே இருந்தால் கிரவுண்ட் லூப்பைச் சந்தேகிக்கலாம். பெடல்களை ஒன்றோடொன்று இணைக்கும் பேட்ச் கேபிளின் உறை வழியாக ஒன்று, அடாப்டரின் நெகட்டிவ் வழியாக இன்னொன்று என கிரவுண்டுக்கு (சர்க்யூட்டின் பொதுப் பாதை) இரண்டு பாதைகள் சேர்ந்து ஒரு வளையமாகிவிடுகிறது.

முழுத் தீர்வு, ஒவ்வொரு அவுட்புட்டும் தனித்தனியாகப் பிரிக்கப்பட்ட பவர் சப்ளை. ‘எட்டு அவுட்புட்’ என்று மட்டும் போட்டிருந்தால் போதாது. உள்ளே எல்லாம் ஒன்றாக இணைந்திருக்கும் சப்ளைகளும் உண்டு. அது வரும்வரை டிஜிட்டல் பெடலுக்கு மட்டும் தனி அடாப்டர் கொடுங்கள், அனலாக் பெடல்கள் பழைய கேபிளிலேயே இருக்கட்டும். மில்லிஆம்பியர் கணக்கையும் கூட்டிப் பாருங்கள். அனலாக் ஓவர்டிரைவ் (மென்மையான டிஸ்டார்ஷன்) பெரும்பாலும் 5 முதல் 20 வரை எடுக்கும். டிஜிட்டல் பெடல்கள் 100, 300 என்று போகும். கூட்டுத்தொகை அடாப்டரின் அளவை நெருங்கினாலே இரைச்சல் தொடங்கலாம்.

ஒரு எச்சரிக்கை: பாசிட்டிவ் கிரவுண்டில் (பாசிட்டிவ் கம்பியே பொதுப் பாதையாக) இயங்கும் பழைய பாணி ஜெர்மானியம் ஃபஸ் பெடலை இந்தப் பொதுக் கேபிளில் ஒருபோதும் மாட்டாதீர்கள். சப்ளை ஷார்ட் ஆகிவிடும்.

கேள்வி: வாசித்துக்கொண்டிருக்கும்போதே சத்தம் அறுந்து, ஒரு நொடியில் திரும்பி வருகிறது. காலை வைத்து அழுத்தினால் இன்னும் மோசம். எங்கே தேடுவது?

பதில்: அறுபடும் அந்தக் கணத்தில் பெடலின் எல்ஈடியைப் பாருங்கள். விளக்கும் சேர்ந்து அணைந்தால் மின்சாரம்தான் விட்டுவிட்டு வருகிறது. டிசி பிளக்கின் துளை 2.1 மி.மீ. இருக்க வேண்டிய இடத்தில் 2.5 மி.மீ. பிளக் போட்டால், அது உள்ளே போகும், ஆனால் தளர்ந்து ஆடும்.

விளக்கு எரிந்துகொண்டே சத்தம் மட்டும் போனால் சிக்னல் பாதை. அந்தப் பெடலை ஆஃப் செய்தும் அறுபடுகிறதா என்று பாருங்கள். ட்ரூ பைபாஸ் பெடலில் (ஆஃப் செய்தால் சர்க்யூட்டைத் தொடாமல் சிக்னல் நேராகக் கடக்கும் வகை), ஆஃப் நிலையில் சிக்னல் கடப்பது கேபிள் செருகும் இரண்டு ஜாக்கையும் கால் ஸ்விட்சையும் மட்டும்தான். எனவே ஆஃபிலும் அறுபட்டால் அந்த மூன்றில் ஒன்று, இல்லையென்றால் கேபிள். ஆன் செய்தால் மட்டும் அறுபடுகிறது என்றால் சர்க்யூட்டுக்குள், அல்லது ஸ்விட்சின் மறு பக்கத்துத் தொடர்பில். உங்களுடையது ட்ரூ பைபாஸா என்று தெரியவில்லையா? மின்சாரத்தைப் பிடுங்கிவிட்டு வாசியுங்கள். சத்தம் கடந்து வராவிட்டால் அது பெரும்பாலும் பஃபர் பைபாஸ் (ஆஃபிலும் மின்சாரம் தேவைப்படும் வகை), இந்தச் சோதனை அதற்குப் பொருந்தாது.

குற்றவாளிகளில் முதலிடம் குட்டி பேட்ச் கேபிளுக்கு, அதிலும் சால்டர் (ஈயப் பற்று) இல்லாமல் திருகி மாட்டும் வகைக்கு. மல்ட்டிமீட்டரை பீப் நிலையில் வைத்து, முனைக்கு முனை, உறைக்கு உறை தொட்டுக்கொண்டே, பிளக்கை ஒட்டிய பகுதியை வளையுங்கள். பீப் விட்டுவிட்டு வந்தால் அந்தக் கேபிளை உடனே ஒதுக்கிவிடுங்கள்.

அடுத்தது ஜாக். வெளி நட் தளர்ந்தால், பிளக்கைச் செருகும்போதெல்லாம் ஜாக்கும் சேர்ந்து சுழன்று உள்ளே கம்பியை முறுக்கி அறுக்கும். இறுக்கும்போது மூடியைத் திறந்து, ஜாக்கை உள்ளிருந்து பிடித்துக்கொண்டுதான் நட்டைத் திருக வேண்டும். போர்டிலேயே பதித்த ஜாக் என்றால், பூதக்கண்ணாடியில் அதன் கால்களைப் பாருங்கள். நல்ல சால்டர் காலோடு வழிந்து படிந்திருக்கும். விரிசல் விட்டிருந்தால் காலைச் சுற்றி மயிரிழை போலக் கறுப்பு வட்டம் தெரியும். அதன்மேல் புது ஈயத்தைப் பூசி மறைக்காதீர்கள். பழையதை உறிஞ்சி எடுத்துவிட்டு, ஃப்ளக்ஸ் (ஈயம் ஒட்ட உதவும் பசை) தடவி மறுபடி பற்றவையுங்கள்.

வெறும் அழுக்கு என்றால், பிளக்கில் கொஞ்சம் கான்டாக்ட் கிளீனர் அடித்து பத்துத் தடவை செருகி எடுத்தால் போதும். துரு நீக்கும் பொது எண்ணெய் வேண்டவே வேண்டாம், அது படிந்து தூசியைச் சேர்க்கும்.

கேள்வி: நானே செய்த பெடலில், ஸ்விட்சை மிதித்ததும் ‘டப்’ என்கிறது. வால்யூம் குமிழும் கரகரக்கிறது.

பதில்: உள்ளே வரும் முதல் கெப்பாசிட்டருக்கு முன்னால், அதாவது ஜாக் பக்கத்தில், சிக்னலிலிருந்து கிரவுண்டுக்கு ஒரு 1 மெகா ஓம் ரெசிஸ்டர் இருக்கிறதா? இல்லையென்றால் போடுங்கள். கெப்பாசிட்டரில் தேங்கும் மின்னூட்டம் மெல்ல வடிய அதுதான் வழி. கரகரப்பு, கிளீனர் போட்டும் போகாவிட்டால், வால்யூம் குமிழின் இரு ஓரக் கால்களுக்கு இடையே டிசி வோல்டேஜ் அளந்து பாருங்கள். சில மில்லிவோல்ட்டுக்கு மேல் காட்டினால், குமிழ் நல்லதுதான். அதற்கு முந்தைய கெப்பாசிட்டர் கசிகிறது. எலக்ட்ரோலிட்டிக் என்றால் பாசிட்டிவ், நெகட்டிவ் கால்களைத் தலைகீழாகப் பொருத்தவில்லையே என்றும் ஒருமுறை பாருங்கள்.