பிரேசல் வெர்ப்: பட்டியல் மனப்பாடம், பேச்சில் தடுமாற்றம்

கேள்வி: ஆயிரம் பிரேசல் வெர்ப் (‘கிவ் அப்’ போல, வினையோடு ஒரு சிறு சொல் சேர்ந்து தனிப் பொருள் தரும் ஆங்கிலத் தொடர்) அடங்கிய பிடிஎஃப் ஒன்றை விலைக்கு வாங்கிப் பாதிக்கு மேல் மனப்பாடம் செய்துவிட்டேன். ஆனாலும் மற்றவர்கள் பேசும்போது பிடிபடவில்லை. நான் சொன்னாலும் ‘என்ன?’ என்று திருப்பிக் கேட்கிறார்கள். என்ன செய்வது?

பதில்: முதலில் அந்த பிடிஎஃப்பை மூடி வையுங்கள். ஆயிரம் என்ற எண் விற்கிறவருக்குத்தான் தேவை. பத்துக் கோடிச் சொற்கள் கொண்ட பிரிட்டிஷ் நேஷனல் கார்ப்பஸை (நிஜமான பேச்சும் எழுத்தும் திரட்டிய தொகுப்பு) வைத்து கார்ட்னர், டேவிஸ் என்ற ஆய்வாளர்கள் 2007இல் கணக்கெடுத்தார்கள். அதில் பிரேசல் வெர்ப் வந்த இடங்களில் பாதிக்கு மேல், வெறும் 100 மட்டுமே திரும்பத் திரும்ப வந்திருந்தன. இதைச் சொன்னால் வியாபாரம் படுத்துவிடும், அதனால் சொல்லமாட்டார்கள்.

சரி, காதில் ஏன் விழவில்லை? ‘பிக் இட் அப்’ என்பதை யாரும் மூன்று சொல்லாகப் பிரித்துச் சொல்வதில்லை. ‘பிக்கிட்டப்’ என்று ஒரே மூச்சில் வரும். அமெரிக்கர் வாயில் ‘பிக்கிடப்’. பால், ஆடை சேர்ந்தால் பாலாடை என்று பள்ளியில் புணர்ச்சி படித்தோமே, அதேதான். ஆனால் ஆங்கிலம் என்றதும் நாம் ‘பிக்கு, இட்டு, அப்பு’ என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு உகரத்தை ஒட்டிவிடுகிறோம். தமிழ்ச் சொல் வல்லின மெய்யில் முடியாது, நாக்குக்கு அந்தப் பழக்கம். கேட்பவருக்கு இது வேறு ஏதோ மொழி!

அடுத்தது அழுத்தம். ‘கிவ் அப்’ என்றால் ‘அப்’தான் ஓங்கி ஒலிக்கவேண்டும், ‘டர்ன் இட் ஆஃப்’ என்றால் ‘ஆஃப்’. ‘இட்’, ‘தெம்’ போன்றவை எப்போதும் நடுவில்தான் உட்காரும். ‘பிக் அப் இட்’ என்பது தவறு.

இதற்கு ஒரு விலக்கு உண்டு, இங்கேதான் நிறையப் பேர் விழுகிறார்கள். ‘லுக் ஆஃப்டர்’, அதாவது பார்த்துக்கொள்வது. இதைப் பிரிக்க முடியாது. ‘லுக் ஆஃப்டர் ஹர்’ என்றுதான் சொல்லவேண்டும், ‘லுக் ஹர் ஆஃப்டர்’ என்று ஒருநாளும் வராது. ‘ரன் இன்டு’ (தற்செயலாகச் சந்திப்பது) அப்படியே. ஆகவே புதிதாக ஒன்றைக் கற்கும்போதே ‘ஹர்’ போட்டு ஒருமுறை சொல்லிப் பாருங்கள். எந்த வகை என்று வாயோடு பதிந்துவிடும்.

பொருள் விஷயத்தில் பட்டியல் இன்னும் மோசம். ‘பிக் அப்’ என்றால் கீழே கிடப்பதை எடுப்பது, போனை எடுப்பது, ஒருவரை வண்டியில் ஏற்றிக்கொள்வது, கேட்டுப் பழகியே ஒரு மொழியைக் கற்றுக்கொள்வது. உங்கள் பிடிஎஃப்பில் ஒன்றே ஒன்றுதான் இருக்கும். பள்ளித் தேர்வும் இப்படித்தான் கெடுத்து வைத்திருக்கிறது. ‘புட் அப் வித்’துக்கு நேரே ‘சகித்துக்கொள்’ என்று பொருத்தினால் மதிப்பெண். வாயைத் திறந்து சொல்லிக்காட்டு என்று எந்த வினாத்தாளாவது கேட்டதுண்டா?

தமிழில் உச்சரிப்பு அச்சிட்ட புத்தகங்களையும் நம்பாதீர்கள். நான் மேலே எழுதியிருப்பதும் தோராயம்தான். லாங்மன் ஆன்லைன் அகராதியில் பல எடுத்துக்காட்டு வாக்கியங்களுக்கு ஒலிப்பதிவு உண்டு, காசு கேட்பதில்லை. நாளுக்கு இரண்டு வினை போதும். முழு வாக்கியமாகக் கேளுங்கள், கூடவே சொல்லுங்கள், அப்புறம் உங்கள் குரலைப் போனில் பதிவுசெய்து இரண்டையும் அடுத்தடுத்து ஓடவிடுங்கள். உகரம் எங்கே ஒட்டியிருக்கிறது என்று அப்போது நன்றாகவே கேட்கும்.