இரட்டைச் சிலிண்டருக்கு எந்த வால்வு?

திருமங்கலத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். விடுமுறை நாட்களில் தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் சென்று ஸ்கூபா (காற்றுச் சிலிண்டருடன் நீருக்கடியில் மூழ்குதல்) பழகி வரும் அவர், 12 லிட்டர் கொள்ளளவுள்ள பழைய எஃகுச் சிலிண்டர்கள் இரண்டை வாங்கியுள்ளார். இரண்டையும் ஒன்றாக முதுகில் கட்டிக்கொள்ள இணைப்புக் குழாயுடன் கூடிய வால்வுகளை வாங்குவதா, தனித்தனி வால்வுகளே போதுமா என்பது அவருடைய கேள்வி. சிலிண்டர் காற்றின் அழுத்தத்தைச் சுவாசிக்கும் அளவுக்குக் குறைத்துத் தரும் ரெகுலேட்டர்கள் அவரிடம் இரண்டு இருக்கின்றன: வால்வைக் கவ்விப் பிடிக்கும் யோக் வகை ஒன்று, வால்வுக்குள் திருகி மாட்டும் டின் வகை ஒன்று. ஒரு சிலிண்டரின் கழுத்து மரை மற்றதைவிடச் சற்றுப் பெரிதாகத் தெரிவதால், மதுரையில் ஏதேனும் லேத் பட்டறையில் கொடுத்து புஷ் (இடைவெளியை நிரப்பும் உலோக வளையம்) அடித்துக்கொள்ளலாமா என்றும் கேட்டிருக்கிறார்.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் அதில் உயிர் சம்பந்தப்பட்டிருக்கிறது. எக்காரணம் கொண்டும் அதைச் செய்யாதீர்கள். ஸ்கூபா சிலிண்டர்களில் பரவலாகக் காணப்படும் கழுத்து மரைகள் இரண்டு: ஐரோப்பிய முறையிலான எம்25×2, அமெரிக்க முறையிலான முக்கால் அங்குல மரை. பெயரில் முக்கால் அங்குலம் என்றிருந்தாலும் பின்னதன் வெளிவிட்டம் 26 மில்லிமீட்டருக்கும் மேல். எனவே எம்25 வால்வை அதற்குள் வைத்துத் திருகினால் சில சுற்றுகள் உள்ளே போகும், பொருந்திவிட்டது போலவும் தோன்றும். ஆனால் முழுதாக இறுக்கும் முன் விரலால் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்துப் பார்த்தால் வால்வு லேசாக ஆடுவதை உணரலாம். 200 பார் அழுத்தத்தில் 25 மில்லிமீட்டர் வால்வை அடியிலிருந்து மேலே தள்ளும் விசை ஏறத்தாழ ஒரு டன். அதைத் தாங்க வேண்டிய மரைகள் நுனியில் மட்டும் பிடித்திருந்தால், காற்று நிரப்பும்போதே வால்வு குண்டு போலப் பாயும். நம் ஊர் லேத்காரர்களின் கைத்திறனைக் குறைத்துச் சொல்லவில்லை. மோட்டார் பம்புக்குச் செய்யும் புஷ் வேறு, இது வேறு. மரை வேறுபடும் சிலிண்டரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, ஒரே மரையும் ஒரே விட்டமும் கொண்ட ஜோடியைத் தேடுங்கள். வாங்கும் முன், எரிவாயுச் சிலிண்டர்களுக்கு ஒப்புதல் வழங்கும் மத்திய அரசின் பெசோ அமைப்பின் ஒப்புதல் பெற்ற சிலிண்டர்தானா, அழுத்தச் சோதனை நாள் எது என்பதையும் தோளில் உள்ள முத்திரைகளைக் கொண்டு சரிபாருங்கள். 2016ஆம் ஆண்டின் எரிவாயுச் சிலிண்டர் விதிகளின்படி, ஒப்புதல் இல்லாத சிலிண்டரில் காற்று நிரப்பக் கூடாது.

அடுத்து இணைப்புக் குழாய். நடுவில் அடைப்பு வால்வு உள்ள இணைப்பையே வாங்குங்கள் என்பது என் உறுதியான ஆலோசனை. தனித்தனி வால்வுகளில் ஒரு ரெகுலேட்டர் பழுதானால், அந்தச் சிலிண்டரில் உள்ள காற்று முழுவதும் உங்களுக்கு எட்டாமல் போகும். இணைப்பு இருந்தால், பழுதான பக்கத்து வால்வை மூடிவிட்டு, இரு சிலிண்டர்களின் காற்றையும் மறுபக்கத்து ரெகுலேட்டர் வழியாகவே சுவாசிக்கலாம். ஆனால் கசிவு ரெகுலேட்டரில் அல்லாமல் வால்வின் கழுத்து ஓ-ரிங்கிலோ (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்) இணைப்புக் குழாயின் ஓ-ரிங்கிலோ ஏற்பட்டால், பக்கத்து வால்வுகளை மூடிப் பயனில்லை. நடுவால்வை மூடினால்தான் பாதிக் காற்றாவது மிஞ்சும். 200 பாரில் உங்கள் ஜோடி கொள்வது சுமார் 4,800 லிட்டர். அதில் பாதியான 2,400 லிட்டர், நிமிடத்துக்கு 20 லிட்டர் சுவாசிப்பவருக்கு 20 மீட்டர் ஆழத்தில் 40 நிமிடம் தாங்கும். நடுவால்வு இல்லாத இணைப்பு விலை குறைவு என்று யாரேனும் சொன்னால், குறைவது இந்த 40 நிமிடம்தான்.

காற்று நிரப்பும்போது நடுவால்வு திறந்திருக்கிறதா என்று நீங்களே தொட்டுப் பாருங்கள். மூடியிருந்தால் ஒரு சிலிண்டர் மட்டும் நிரம்பும்.

வால்வைத் திறந்து மூடத் திருகும் குமிழ்களைப் பற்றிக் கடைக்காரர்கள் அதிகம் பேசுவதில்லை, நான் பேசியாக வேண்டும். உசிலம்பட்டிப் பக்கம் ஒரு பாசனக் கிணற்றில் பயிற்சி செய்துகொண்டிருந்தபோது, சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த படிக்கற்களில் முதுகு உரச மேலே வந்தேன். அழுத்தமானியின் முள் 140இல் நின்றது. சில நிமிடங்கள் கழித்துப் பார்த்தபோதும் அதே 140. கல்லில் உரசி இடப்பக்கக் குமிழ் சுழன்று மூடிக்கொண்டிருந்தது. தலை முன்னோக்கிச் செல்லும் திசையில் முதுகுப்புறம் உரசினால் இடக்குமிழ் மூடும், வலக்குமிழ் திறக்கும். மானி இடப்பக்கத்தில் இருந்ததாலும் நான் வலப்பக்க ரெகுலேட்டரில் சுவாசித்ததாலும் மூச்சு தடைபடவில்லை. குழாயில் அடைபட்ட பழைய அழுத்தத்தையே முள் காட்டிக்கொண்டிருந்தது. அன்றிலிருந்து முள் நகராவிட்டால் என் கை முதலில் இடக்குமிழுக்குத்தான் போகிறது. அடிபட்டால் உடையும் கடின பிளாஸ்டிக் குமிழைத் தவிர்த்து, ஈரக் கையிலும் வழுக்காத ரப்பர் குமிழைக் கேட்டு வாங்குங்கள். முழுதாகத் திறந்தபின் கால் சுற்று பின்னால் திருப்பி வைக்கும் பழைய வழக்கத்தை விட்டுவிடுவது நல்லது. திறந்த வால்வா மூடிய வால்வா என்ற குழப்பம் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

ரெகுலேட்டர் பொருந்தும் வாயைப் பொறுத்தவரை, 232 பார் டின் வால்வு உங்களுக்குப் போதும். அதில் கழற்றி மாட்டக்கூடிய செருகு கொண்ட வகையை வாங்கினால் யோக் ரெகுலேட்டரும் பொருந்தும். 300 பார் வால்வில் அந்தச் செருகு பொருந்தாது, மரை நீளம் குறைந்த 232 பார் டின் ரெகுலேட்டரும் அதன் அடிவரை எட்டாது. இருப்பினும், இரட்டைச் சிலிண்டரில் யோக்கை நிரந்தரமாக வைத்துக்கொள்ள வேண்டாம். பலமாக அடிபட்டால் ஓ-ரிங் பிதுங்கிவிடும். பல யோக் ரெகுலேட்டர்களை உரிய உதிரிபாகம் கொண்டு டின்னாக மாற்ற முடியும், அதைப் பழுதுபார்ப்பவரிடம் விசாரியுங்கள்.

இணைப்பு வாங்கும்போது சிலிண்டரின் விட்டத்தைச் சொல்லுங்கள். இரு சிலிண்டர்களின் மையங்களுக்கு இடையே, 203 மில்லிமீட்டர் விட்டத்துக்கு 215 மில்லிமீட்டர் இடைவெளியும், 171 மில்லிமீட்டர் விட்டத்துக்கு 185 மில்லிமீட்டரும் வழக்கம். சிலிண்டர்களைச் சேர்த்துப் பிடிக்கும் பட்டைகளை முதலில் இறுக்கிவிட்டு இணைப்பை வலிந்து பொருத்தினால் குழாயின் ஓ-ரிங்குகள் நசுங்கும். இணைப்பைப் பொருத்திய பின்னரே பட்டைகளை இறுக்க வேண்டும்.

எல்லாம் பொருத்தியபின், தண்ணீருக்குப் போகும் முன், வெட்சூட்டுடன் முழுவதையும் அணிந்து, வீட்டில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, மூன்று குமிழ்களையும் கண்ணை மூடிக்கொண்டு மூடித் திறந்து பாருங்கள். கை எட்டாவிட்டால் வால்வை மாற்றத் தேவையில்லை. பட்டைகளைத் தளர்த்தி, சிலிண்டர்களை இரண்டு மூன்று சென்டிமீட்டர் உயர்த்திக் கட்டிவிட்டு மறுபடியும் முயலுங்கள்.