ஆம்ஸ்டர்டாம் காஃபிஷாப்: நீங்கள் கேட்டவை

சென்ற இதழில் ஆம்ஸ்டர்டாம் கால்வாய்களைப் பற்றி எழுதியபோது காஃபிஷாப்களைப் பற்றி, அதாவது அங்கே கஞ்சா விற்கும் கடைகளைப் பற்றி, ஒரே ஒரு வரிதான் வந்தது. வந்து குவிந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு வந்தவை. அதனால் இந்த முறை முழுக்க அதற்கே.

கே: நெதர்லாந்தில் கஞ்சா சட்டபூர்வம் என்று அலுவலகத்தில் எல்லோரும் அடித்துச் சொல்கிறார்கள். கடை போட்டு விற்கிறார்கள், வரி கட்டுகிறார்கள், அப்புறம் என்ன? (வாசகர், மதுரை)

இல்லை. கஞ்சா அங்கே இன்றைக்கும் அபின் சட்டம் என்ற போதைப்பொருள் சட்டத்தின் கீழ் வருகிற பொருள்தான். 1976-இல் அந்தச் சட்டத்தைத் திருத்தியபோது ஹெராயின், கொக்கெய்ன் போன்றவற்றை ஒரு பட்டியலிலும் கஞ்சா, அதன் பிசினான ஹஷீஷ் இரண்டையும் இன்னொரு பட்டியலிலும் பிரித்து வைத்தார்கள். ஹெராயின் அந்த ஊர் இளைஞர்களை வாரிக்கொண்டு போன காலம் அது. கஞ்சா வாங்கப் போகிற பையனிடம் அதே ஆள் ஹெராயினையும் நீட்டுகிற நிலைமை இருக்கக் கூடாது, இரண்டு சந்தையையும் பிரித்துவிட வேண்டும் என்பதுதான் நோக்கம். ஆகவே, சில நிபந்தனைகளுக்குக் கட்டுப்பட்டு விற்கிற கடைமேல் வழக்குப் போடுவதில்லை. விளம்பரம் கூடாது, கடுமையான போதைப்பொருள் எதுவும் கடைக்குள் இருக்கக் கூடாது, அக்கம்பக்கத்தாருக்குத் தொந்தரவு கூடாது, 18 வயது நிரம்பாதவர் உள்ளே வரக் கூடாது, ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்கு மேல் விற்கக் கூடாது, கடையில் இருப்பு 500 கிராமைத் தாண்டக் கூடாது. இதில் எதை மீறினாலும் மேயர் கடையைப் பூட்டலாம்.

இதில் எனக்கு ஏற்கவே முடியாத பகுதி ஒன்று உண்டு. முன்வாசலில் விற்பதைக் கண்டுகொள்ள மாட்டார்கள், ஆனால் கடைக்காரர் பின்வாசல் வழியாகச் சரக்கு வாங்குவது குற்றம். வரி கட்டி, ஊழியர்களுக்குச் சம்பளம் கொடுத்து, விதி தவறாமல் கடை நடத்துகிற ஒருவரை, கொள்முதலுக்கு மட்டும் கள்ளச்சந்தைக்காரனிடம் போய் நிற்க வைக்கிறார்கள். பல பத்தாண்டுகளாக இப்படியேதான் ஓடியது. இதைச் சரிசெய்யத்தான் 2023 டிசம்பரில் பிரேடா, டில்பர்க் என்ற இரண்டு ஊர்களில் ஒரு சோதனைத் திட்டம் தொடங்கினார்கள். பிறகு அது பத்து நகராட்சிகளுக்கு விரிந்தது. உரிமம் பெற்ற பண்ணைகளில் விளைந்து, பரிசோதனை முடிந்து, முத்திரையிட்ட பொட்டலத்தில் வரும் சரக்கைத்தான் அங்கே விற்க வேண்டும். ஆம்ஸ்டர்டாம் அந்தப் பத்தில் இல்லை.

கே: அலுவலக வேலையாக மூன்று மாதம் ஆம்ஸ்டர்டாம் போகிறேன். உள்ளே போய்ப் பார்க்க ஆசை, ஆனால் எப்படி நடந்துகொள்வது என்று தெரியாமல் தயக்கமாக இருக்கிறது. உள்ளே நிஜமாக எப்படித்தான் இருக்கும்? (வாசகர், கோவை)

தயக்கம் வேண்டாம். முதலில் எந்தக் கடைக்குப் போகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. மத்திய ரயில் நிலையத்திலிருந்து இறங்கி டாம்ராக் வழியாக நடந்தாலே கடைகள் கண்ணில் படும், பெரும்பாலானோர் அங்கேயே நுழைந்துவிடுகிறார்கள். சத்தம், நெரிசல், சுற்றுலாக்காரர் விலை. டிராமில் சில நிறுத்தங்கள் தள்ளி டே பைப் பக்கமோ, யோர்டான் பகுதியின் குறுகலான தெருக்களுக்குள்ளோ போங்கள். அங்கே இருப்பவை அக்கம்பக்கத்தாருக்கான கடைகள். என்னைக் கேட்டால் காஃபிஷாப் என்றால் அதுதான்.

வாசலில் பாஸ்போர்ட் கேட்பார்கள். தலை நரைத்திருந்தாலும் கேட்பார்கள், கோபித்துக்கொள்ளாதீர்கள். பதினேழு வயதுப் பிள்ளை ஒன்று உள்ளே உட்கார்ந்திருந்தது தெரிந்தால் கடையே போய்விடும். உள்ளே போனதும் இரண்டு கவுண்டர் இருக்கலாம், ஒன்று காபி, டீ, பழரசத்துக்கு, இன்னொன்று சரக்குக்கு. சரக்குக் கவுண்டரில் ஒரு மெனு அட்டை இருக்கும். கஞ்சா ஒரு பக்கம், மொராக்கோ ஹஷீஷ் இன்னொரு பக்கம், ஒவ்வொன்றுக்கும் நேரே ஒரு கிராமுக்கு இவ்வளவு என்று விலை. சுருட்டி வைத்த ஜாயின்ட்டும் கிடைக்கும், அதில் புகையிலை கலந்திருக்கிறதா இல்லையா என்று கேட்டு வாங்குங்கள். "நான் புதுசு, லேசானது எது?" என்று ஆங்கிலத்திலேயே தாராளமாகக் கேட்கலாம். கவுண்டரில் இருப்பவர் ஜாடியைத் திறந்து முகர்ந்து பார்க்கச் சொல்வார், ஒரு கஞ்சா மொட்டை இடுக்கியால் எடுத்துச் சிறிய மின்தராசில் வைத்து, எண் நிற்கும் வரை பொறுத்திருந்து, நம் ஊர் நகைக்கடையில் ஒரு குண்டுமணித் தங்கத்தை நிறுப்பதுபோல அத்தனை கவனமாக நிறுத்துப் பையில் போட்டு மூடித் தருவார். அவசரப்படுத்த மாட்டார், நீங்களும் அவரை அவசரப்படுத்தாதீர்கள். பின்னால் நிற்பவர் பெயின்ட் கறை படிந்த கால்சட்டையோடு வேலை முடிந்து வந்தவராக இருப்பார், ஒரு கிராம் வாங்கிக்கொண்டு இரண்டே நிமிஷத்தில் கிளம்பிவிடுவார். உள்ளூர்க்காரர்கள் நிறையப் பேர் அப்படித்தான், வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள்.

உட்காருகிறவர் ஏதாவது குடிக்க வாங்குவது மரியாதை. புதினா டீ சொல்லிப் பாருங்கள். கண்ணாடி டம்ளரில் புதினாவைத் தண்டோடு திணித்து வெந்நீர் ஊற்றி, பக்கத்தில் தேன் வைத்துத் தருவார்கள், கடையில் உள்ள புகை வாசனையையும் மீறி அந்த மணம் தூக்கும். பீர் கிடையாது, மதுவும் கஞ்சாவும் ஒரே கடையில் விற்க அனுமதி இல்லை. இன்னொரு விஷயம் நம்மவர்களுக்கு ஆச்சரியமாக இருக்கும். 2008 ஜூலையிலிருந்து உணவகங்களில் புகையிலைக்குத் தடை வந்தது, அந்தத் தடை காஃபிஷாப்புக்கும் உண்டு. ஆக, கஞ்சா பிடிக்கலாம், சிகரெட் பிடிக்கக் கூடாது. புகையிலைக்குப் பதிலாகக் கலந்துகொள்ள மூலிகைத் தூளைச் சில கடைகளில் மேஜைமேலேயே வைத்திருப்பார்கள்.

அந்த இடத்தின் அமைதி எனக்குப் பிடிக்கும். ஒருவர் செய்தித்தாள் படிப்பார், இரண்டு பேர் செஸ் ஆடுவார்கள், மூலையில் ஒரு பெண் லேப்டாப்பில் ஏதோ எழுதிக்கொண்டிருப்பார், யாரும் யாரையும் உற்றுப் பார்க்க மாட்டார்கள். வெள்ளிக்கிழமை ராத்திரி மதுக்கடை வாசலில் கேட்கிற கூச்சலை இங்கே நான் கேட்டதில்லை. நீங்கள் செய்யக் கூடாத ஒன்றே ஒன்று, போனை எடுத்துப் படம் பிடிப்பது. அங்கே உட்கார்ந்திருப்பவர் ஒரு பள்ளி ஆசிரியராக இருக்கலாம், வங்கி ஊழியராக இருக்கலாம், அவர் முகம் உங்கள் இன்ஸ்டாகிராமில் வருவதற்கு அவர் சம்மதிக்கவில்லை. பணமாகக் கொஞ்சம் கையில் வைத்துக்கொள்ளுங்கள், கார்டு வாங்காத கடைகள் இருக்கின்றன.

கே: புகை பிடித்துப் பழக்கம் இல்லை. ஸ்பேஸ் கேக் சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது, பாங் மாதிரிதான் என்கிறான் நண்பன். சரியா? (வாசகர், சேலம்)

உங்கள் நண்பர் சொல்வதை நம்பி இறங்காதீர்கள். புகையாக இழுத்தால் சில நிமிஷத்தில் தெரிந்துவிடும், போதும் என்று நிறுத்திக்கொள்ளலாம். ஸ்பேஸ் கேக் என்பது கஞ்சா கலந்த கேக், அது அப்படி இல்லை. வயிற்றில் செரித்து, கல்லீரல் வழியாகப் போய் வேலை காட்ட அரை மணி முதல் இரண்டு மணி நேரம்கூட ஆகும். முக்கால் மணி நேரம் பார்த்துவிட்டு "ஒன்றுமே இல்லையே" என்று இரண்டாவது துண்டையும் சாப்பிடுவதுதான் எல்லோரும் செய்கிற தவறு. அப்புறம் இரண்டும் சேர்ந்து ஏறும்போது நெஞ்சு படபடக்கும், கை கால் சில்லிடும், செத்துப்போய்விடுவோமோ என்ற பயம் வந்துவிடும், ஆறேழு மணி நேரத்துக்கு அது இறங்காது.

அப்படி ஆகிவிட்டால் காற்றோட்டமான இடத்தில் உட்கார வையுங்கள், இனிப்பாக ஏதாவது குடிக்கக் கொடுங்கள், தனியாக விடாதீர்கள், "கஞ்சா வேலை செய்கிறது, இறங்கிவிடும்" என்று பக்கத்தில் இருந்து சொல்லிக்கொண்டே இருங்கள். மயங்கி விழுந்தாலோ, மார்பு வலித்தாலோ 112 என்ற அவசர எண்ணை அழைத்து, என்ன சாப்பிட்டார் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். சிகிச்சைக்கு அது தெரிய வேண்டும், போலீஸுக்குப் பயந்து தாமதிக்கவே கூடாது. மதுவோடு சேர்க்கவே சேர்க்காதீர்கள். குடும்பத்தில் யாருக்காவது மனச்சிதைவு போன்ற நோய் இருந்தால் கேக்கும் வேண்டாம், புகையும் வேண்டாம். இதை நான் கெஞ்சியே கேட்டுக்கொள்கிறேன்.

கே: என் மகன் குரோனிங்கனில் எம்.எஸ். படிக்கிறான். விடுதிக்கு எதிரிலேயே இப்படி ஒரு கடை இருக்கிறதாம். கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கமே இல்லை. என்ன செய்வது? (ஒரு தாய், கும்பகோணம்)

அம்மா, கடை எதிரில் இருப்பதால் மட்டும் பிள்ளை கெட்டுப்போவதில்லை. கடுமையான சட்டம் வைத்திருக்கும் பிரான்சிலும் கஞ்சா பிடிக்கும் இளைஞர்கள் நிறைய இருக்கிறார்கள். குரோனிங்கனிலேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகளில் பலர் அந்தக் கடையைத் தாண்டித்தான் தினமும் சைக்கிளில் வகுப்புக்குப் போகிறார்கள். பள்ளிக்கூடங்களுக்குப் பக்கத்தில் கடை இருக்கக் கூடாது என்று நகராட்சிகள் கண்டிப்பாகவும் இருக்கின்றன. 1972-இல் ஆம்ஸ்டர்டாமில் தொடங்கிய மெல்லோ யெல்லோ, இந்தக் கடைகளுக்கெல்லாம் முன்னோடி, அதையே ஒரு பள்ளிக்கு 250 மீட்டருக்குள் இருக்கிறது என்று 2017 தொடக்கத்தில் மூட வைத்துவிட்டார்கள்.

மகனைக் குற்றவாளி போல விசாரிக்காமல் சாதாரணமாகக் கேளுங்கள். அவன் எப்போதாவது பிடித்திருக்கலாம், பிடிக்காமலும் இருக்கலாம். கவலைப்பட வேண்டியது அவன் வகுப்புக்குப் போகாமல் இருக்கும்போது, போன் எடுக்காமல் இருக்கும்போது, தினமும் தேவைப்படும்போது. அந்த நாட்டின் குளிர்காலத்தில் நாலரை மணிக்கே இருட்டிவிடும், தனிமையில் இருக்கிற பிள்ளைகள்தான் அதில் மாட்டிக்கொள்கிறார்கள். எனவே வாரம் இரண்டு முறையாவது கொஞ்சம் நீளமாகப் பேசுங்கள். அப்புறம் ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். ஊருக்கு வரும்போது பையின் ஓரத்தில் ஒட்டிய தூள்கூட இருக்கக் கூடாது, யாருக்கும் பார்சலில் அனுப்பவும் கூடாது. நம் நாட்டின் 1985-ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டத்தில் சிறு அளவுக்கே ஓராண்டு வரை சிறை உண்டு.

கே: நான் சிங்கப்பூர்க் குடிமகன். அங்கே அனுமதிக்கப்பட்ட கடையில், அங்கேயே பிடித்துவிட்டுத் திரும்பினால் யாருக்கு என்ன? (வாசகர், சிங்கப்பூர்)

உங்கள் நாட்டுச் சட்டத்துக்கு அது குற்றம். குடிமக்களும் நிரந்தரவாசிகளும் வெளிநாட்டில் உட்கொண்டாலும் உள்ளூரில் உட்கொண்டதாகவே அங்கே எடுத்துக்கொள்வார்கள். பத்தாண்டு வரை சிறை, 20,000 வெள்ளி வரை அபராதம், அல்லது இரண்டும். சிறுநீர்ப் பரிசோதனையில் பல நாள் கழித்துக்கூடத் தெரியும். புதினா டீ மட்டும் குடித்துவிட்டு வாருங்கள்.

கே: பெல்ஜியத்திலிருந்து மாஸ்ட்ரிக்ட் போனோம். கடை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். நிறம் பார்த்தா? (வாசகி, பிரஸ்ஸல்ஸ்)

நிறத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. உள்நாட்டில் குடியிருப்பவருக்கு மட்டுமே விற்கலாம் என்ற விதி 2013-இல் நாடு முழுக்க வந்தது, அதை அமல்படுத்துவது அந்தந்த நகராட்சியின் பொறுப்பு. ஆம்ஸ்டர்டாம் அமல்படுத்துவதில்லை. எல்லைக்கு ஒட்டிய மாஸ்ட்ரிக்ட் அமல்படுத்துகிறது, ஏனென்றால் பெல்ஜியம், பிரான்ஸ், ஜெர்மனியிலிருந்து கார் கார் என்று வந்து குவிந்து, அந்தத் தெருக்களில் குடியிருப்பவர்கள் படாத பாடு பட்டார்கள். வெளிநாட்டினரைத் தடுக்கலாம் என்று ஐரோப்பிய நீதிமன்றமே 2010-இல் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. உங்களோடு வந்த வெள்ளைக்கார பெல்ஜியர்களையும் அப்படியேதான் அனுப்பியிருப்பார்கள்.

கே: நானும் கணவரும் அறுபதைத் தாண்டியவர்கள். பிடிக்கப் போவதில்லை, சும்மா பார்க்கப் போகலாமா? தெருவில் விற்பவர்கள் தொந்தரவு செய்வார்களா? (வாசகி, திருச்சி)

தாராளமாகப் போகலாம். பேரப்பிள்ளைகளை மட்டும் அழைத்துப் போக முடியாது. மதியத்துக்கு முன்னால் போனால் கூட்டமும் புகையும் குறைவு, கதவோரம் உட்கார்ந்து ஒரு டீ குடித்துவிட்டு வரலாம். புகை ஒத்துக்கொள்ளாதவராக இருந்தால் வெளியிலிருந்தே பாருங்கள். லெய்ட்ஸ்பிளைன் சதுக்கத்தில் தி புல்டாக் என்ற காஃபிஷாப் நிறுவனத்தின் பெரிய கடை இருக்கிறது, அந்தக் கட்டடம் முன்பு காவல் நிலையமாக இருந்தது.

தெருவில் விற்பவர்கள் வேறு ரகம். இருட்டில் பக்கத்தில் வந்து "கொக்கெய்ன்?" என்று முணுமுணுப்பார்கள், நின்று பதில் சொல்லாமல் நடந்துகொண்டே இருங்கள். 2014-இல் இப்படி ஒருவரிடம் கொக்கெய்ன் என்று நம்பி வாங்கியதில் ஹெராயின் இருந்து, ஆம்ஸ்டர்டாமில் இரண்டு பிரிட்டிஷ் இளைஞர்கள் இறந்துபோனார்கள். நகரம் முழுக்க எச்சரிக்கைப் பலகை வைக்க வேண்டியதாயிற்று. கடையில் வாங்கியதைக்கூட எல்லாத் தெருவிலும் பிடித்துவிட முடியாது. சிவப்பு விளக்குப் பகுதித் தெருக்களில் 2023 மே மாதத்திலிருந்து கஞ்சா பிடிக்கத் தடை, மீறினால் 100 யூரோ அபராதம்.