நுகர்வோர் கேள்வி-பதில்: பொரிகிற மைக்கும் பொன்னெழுத்து வால்வும்

கே: மாடிஃபை செய்த ட்யூப் கண்டென்சர் மைக் ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். கோடை முழுக்க ஒழுங்காக இருந்தது. ஐப்பசி மழை பிடித்ததும் எண்ணெயில் கடுகு பொரிகிற மாதிரி சத்தம். வால்வை மாற்றியும் போகவில்லை. (சென்னை)

ப: வால்வின் (ட்யூப் என்பதும் இதைத்தான்) மேல் பழி போடுவதற்கு முன் ஈரத்தைக் கவனித்திருக்க வேண்டும். கேப்சூலும் (குரலை வாங்குகிற படலம் இருக்கும் தலைப்பகுதி) வால்வின் கிரிடும் (சிக்னல் நுழைகிற முனை) சேரும் இடத்தில் வழக்கமாக 1 ஜிகா ஓம் ரெசிஸ்டர் இருக்கும். 100 கோடி ஓம்! அதன் பக்கத்தில் ஒரு விரல் ரேகை, துடைக்காமல் விட்ட சால்டர் ஃப்ளக்ஸ் (பற்றவைக்கும்போது படிகிற பிசின்) எது இருந்தாலும் போதும். மழைக்காலத்தில் அது ஈரத்தை இழுத்துக்கொள்ளும், மின்சாரம் விட்டு விட்டுக் கசியும். நீங்கள் கேட்பது அந்தக் கசிவைத்தான். மாடிஃபை செய்தவர் வேலை முடித்துவிட்டுச் சுத்தம் செய்யாமல் மூடியிருப்பார்.

பவர் சப்ளையை அணைத்து, ப்ளக்கைப் பிடுங்கி, ஐந்து நிமிடம் பொறுங்கள். உள்ளே 100 முதல் 200 வோல்ட் வரை ஓடியிருக்கும், கெப்பாசிட்டர் அதைப் பிடித்து வைத்திருக்கும். மல்டிமீட்டரில் 5 வோல்ட்டுக்குக் கீழே இறங்கியதைப் பார்த்த பிறகே கை வையுங்கள். 99 சதவீத ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலைச் சின்ன பிரஷ்ஷில் தொட்டு, அந்தப் பெரிய ரெசிஸ்டர், கப்ளிங் கெப்பாசிட்டர், வால்வு சாக்கெட் மூன்றையும் சுற்றித் தேயுங்கள். கேப்சூலின் தங்கப் படலத்தில் ஒரு சொட்டும் படக் கூடாது. சில மணி நேரம் காயவிடுங்கள். இனி அங்கே விரல் படவேண்டாம்.

அப்படியும் பொரிந்தால், கேப்சூலின் முன்பக்க ஒயரை எடுத்துவிட்டு, அந்த இடத்துக்கும் எர்த்துக்கும் நடுவே 50 பிகோஃபாரட் அளவில் ஒரு கெப்பாசிட்டரை வைத்து, மைக்கின் உடம்பை மூடிக் கேளுங்கள். மூடாவிட்டால் ஹம் (கரண்டின் ரீங்காரம்) மட்டும்தான் கேட்கும். சத்தம் நின்றுவிட்டதா? குற்றவாளி கேப்சூல், சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் இரண்டு நாள் வைத்துப் பாருங்கள். நிற்கவில்லையா? போர்டும் வால்வும்தான். ஹேர் ட்ரையர் யோசனை வந்தால் அடக்கிக்கொள்ளுங்கள்.

கே: மச்சான் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த ட்யூப் மைக். ப்ளக்கைச் சொருகியதும் ‘டப்’ என்றது. வாரண்டி கிடைக்குமா? (திருச்சி)

ப: கிடைக்காது. அமெரிக்காவின் குறைந்த வோல்ட்டுக்கு வைத்ததை நம் 230-ல் சொருகியிருப்பீர்கள். பவர் சப்ளையின் பின்னால் 115/230 என்று ஒரு சுவிட்ச் இருந்ததா, பார்த்தீர்களா? கடிதத்தில் அந்தப் பேச்சே இல்லை. இருந்தால் 230-க்குத் தள்ளி, 230-க்கு என்று எழுதியிருக்கும் அளவில் புது ஃப்யூஸ் போட்டு, மைக்கை இணைக்காமல் ஒரே ஒரு முறை சோதியுங்கள். திரும்பவும் போனால் ரெக்டிஃபையரோ ட்ரான்ஸ்ஃபார்மரோ அவுட், கடைக்குக் கொண்டுபோங்கள். ஃப்யூஸுக்குப் பதில் சிகரெட் பாக்கெட் ஜிகினாத் தாளைச் சுற்றுகிற பழக்கம் இன்னும் சாகவில்லை. அதைச் செய்யாதீர்கள்.

கே: ‘ஸ’ வருகிற இடமெல்லாம் என் மைக் காதைக் கிழிக்கிறது. பழைய ஜெர்மன் வால்வு போட்டால் குழைந்துவிடும் என்றார்கள். ரூ. 9,500 கொடுத்துப் போட்டேன். மாற்றமே இல்லை. (கோயம்புத்தூர்)

ப: இருக்காதுதான். இந்த வால்வு வியாபாரத்தைப் பற்றி எழுத ரொம்ப நாளாக ஒரு கடிதத்துக்குக் காத்திருந்தேன்.

ஜெர்மன் மைக் கம்பெனி நியூமன் 1960-ல் யு67 மைக்கைக் கொண்டுவந்தது. அதன் கே67 கேப்சூல் இயல்பிலேயே உச்ச ஸ்தாயியைத் தூக்கிக் கொடுக்கும். தூக்கியதை இறக்கிச் சமன் செய்கிற வேலை உள்ளே இருக்கும் இஎஃப்86 வால்வு சர்க்யூட்டுக்கு. மலிவு மைக் செய்கிறவர்கள் பலர் கேப்சூலின் அச்சை மட்டும் காப்பியடித்து, இறக்குகிற சர்க்யூட்டை விட்டுவிட்டார்கள். பாதிச் சமையல். அந்த மைக்கில் எந்த ஊர் வால்வைச் சொருகினாலும் கிழிக்கத்தான் செய்யும். மருந்து இரண்டுதான்: உச்சத்தை அவ்வளவு தூக்காத கே47 வகைக் கேப்சூல் மாற்றுவது, இல்லையென்றால் உச்சத்தை இறக்க சர்க்யூட்டில் ஒரு சின்னக் கெப்பாசிட்டரைத் தெரிந்தவர் கையால் சேர்ப்பது.

வால்வு மாற்றுவதால் எதுவும் ஆகாது என்று சொல்லவில்லை. சத்தமுள்ள வால்வை எடுத்துவிட்டு அமைதியான வால்வு போட்டால் இரைச்சல் குறையும். ஆனால் வேறு ரகம் போடுகிறபோது ஹீட்டரை (வால்வைச் சூடாக்கும் இழை) அளக்க வேண்டும். 12ஏஎக்ஸ்7 வால்வு 6.3 வோல்ட்டில் 300 மில்லிஆம்பியர் இழுக்கும், இஎஃப்86 200 மட்டும். ரெகுலேட்டர் இல்லாத சப்ளையில் குறைவாக இழுத்தால் வோல்ட் ஏறும், வால்வின் ஆயுள் கரையும். மைக் ஓடிக்கொண்டிருக்கும்போது சாக்கெட்டில் ஹீட்டர் வோல்ட் 6.0-க்கும் 6.6-க்கும் நடுவில் இருக்க வேண்டும். அந்த நேரத்தில் பக்கத்துப் பின்னில் ஹைவோல்ட் நிற்கும், பழக்கமில்லாதவர் தொடவேண்டாம்.

போலியும் தாராளம். டெலிஃபுங்கன் கம்பெனி ஜெர்மனியின் உல்ம் நகரில் செய்த வால்வுகளின் அடிக் கண்ணாடியில், பின்களுக்கு நடுவே டைமண்ட் (சாய்சதுர) வடிவம் அச்சாகியிருக்கும். மேலே இருக்கும் பொன்னெழுத்தை யார் வேண்டுமானாலும் அடிக்கலாம். நானும் ஒன்று வாங்கினேன். கட்டைவிரலால் தடவியதும் எழுத்து கையோடு வந்துவிட்டது.

கே: ‘முழு மாடிஃபிகேஷன்: கேப்சூல், ட்ரான்ஸ்ஃபார்மர், வால்வு எல்லாம் புதிது’ என்ற விளம்பரத்தை நம்பி ஆன்லைன் கடையில் ரூ. 38,000 கொடுத்தேன். பழுது பார்ப்பவர் திறந்தால் வால்வைத் தவிர எல்லாம் பழசு. ‘திறந்துவிட்டீர்கள், பொறுப்பில்லை’ என்கிறார்கள். டப்பிங் பேசிப் பிழைப்பவள் நான். (வடபழனி)

ப: உங்கள் மேல் ஒரு தப்பும் இல்லை, அம்மா. திறக்காமல் எப்படித் தெரியும்? விளம்பரத்தின் ஸ்க்ரீன்ஷாட், பில், உள்பக்கப் படங்கள், பழுது பார்த்தவரின் கையெழுத்திட்ட குறிப்பு நான்கையும் பத்திரப்படுத்துங்கள். கடைக்கு எழுத்தில் புகார் அனுப்பி 15 நாள் கெடு கொடுங்கள். அசையாவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதுவும் பலிக்காவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2 ஆண்டுக்குள் போக வேண்டும், 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது. கடை எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம்.

‘தொழிலுக்கு வாங்கியவர் நுகர்வோர் அல்ல’ என்று எதிர்த்தரப்பு ஆரம்பிப்பார்கள். சுயதொழிலில் வயிற்றுப்பாட்டுக்காக வாங்கித் தானே பயன்படுத்துகிறவருக்கு 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் விலக்கு தருகிறது. டப்பிங் பேசித்தான் பிழைக்கிறீர்கள் என்பதை மனுவின் முதல் பத்தியிலேயே எழுதிவிடுங்கள்.

கே: கடையில் 1 ஜிகா ஓம் இல்லை. 10 மெகா ஓம் போட்டேன். குரல் டப்பாவுக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருக்கிறது. ஏன்? (சேலம்)

ப: நூறில் ஒரு பங்கைப் போட்டுவிட்டு ஏன் என்கிறீர்கள். கேப்சூல் சுமார் 60 பிகோஃபாரட். 1 ஜிகா ஓமோடு சேர்ந்தால் சுமார் 3 ஹெர்ட்ஸுக்குக் கீழேதான் ஒலியை வெட்டும். உங்கள் 10 மெகாவோடு 265 ஹெர்ட்ஸிலேயே வெட்டத் தொடங்கும். ஆண் குரலின் அடித்தளம் மொத்தமும் அதற்குக் கீழே இருக்கிறது. சரியானதை வாங்கிப் போடுங்கள்.

கே: பவர் சப்ளை இருக்கும்போது மிக்சரில் 48 வோல்ட் ஃபாண்டமும் (கேபிள் வழியே மைக்குக்கு அனுப்பும் மின்சாரம்) போடவேண்டுமா? (நாகர்கோவில்)

ப: வேண்டாம்.

கே: விடாமல் ஹம் வருகிறது. வால்வா, கேபிளா? (மதுரை)

ப: போனில் ஸ்பெக்ட்ரம் ஆப் போட்டு எத்தனை ஹெர்ட்ஸ் என்று பாருங்கள். 100 என்றால் பெரும்பாலும் பவர் சப்ளையில் காய்ந்துபோன ஃபில்டர் கெப்பாசிட்டர். 50 என்றால் 7 பின் கேபிளின் ஷீல்டு, மைக் உடம்பின் எர்த் தொடர்பு. உடம்பைக் கையால் பிடித்ததும் ஹம் மாறினால் எர்த்தேதான். பெயின்ட்டைச் சுரண்டி உலோகத்தோடு உலோகம் உட்காரச் செய்யுங்கள்.